பழைய ஃபிலிம் கேமராவின் லைட் மீட்டருக்கு மதுரையில் கிடைக்கும் பேட்டரிகள்: பயன்படுத்திப் பார்த்த ஒரு மதிப்பீடு

பழைய ஃபிலிம் கேமரா வாங்க வருகிறவர்கள் முதலில் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் தட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் அவசியம்தான். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் உள்ளேயே உள்ள கேமராவாக இருந்தால், பேட்டரி அறையின் சின்ன வட்ட மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறந்து, அது எந்த செல்லுக்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. அந்த செல் இன்று கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் மாற்று செல்லை அந்த மீட்டரின் மின்சுற்று ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பொறுத்துத்தான், அந்தக் கேமராவோடு நிம்மதியாக இருக்கப் போகிறோமா, ஒவ்வொரு ரோலையும் சந்தேகத்தோடு கழுவப் போகிறோமா என்பது முடிவாகிறது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் பயன்படுத்தி வரும் ஒலிம்பஸ் ஓஎம் 1, யாஷிகா மேட் 124ஜி, பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 ஆகிய நான்கையும், அவற்றுக்கு நம் ஊரிலேயே வாங்கக்கூடிய செல்களையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

1960-களிலும் 70-களிலும் ஜப்பானில் தயாரான பல கேமராக்கள் பிஎக்ஸ்625 என்ற பாதரச செல்லை நம்பியே வடிவமைக்கப்பட்டன. அதன் மின்னழுத்தம் 1.35 வோல்ட், புதிதாகப் போட்ட நாளிலிருந்து தீர்ந்துபோகும் நாள் வரை ஏறக்குறைய அதே 1.35-இல் நிற்கும். இவ்வளவு நிலையான செல் கையில் இருந்ததால், மின்னழுத்தத்தைச் சீராக்கும் தனிச் சுற்று எதையும் பொறியாளர்கள் பல கேமராக்களில் சேர்க்கவில்லை. தராசுக்குப் படிக்கல் எப்படியோ அப்படித்தான் அந்த மீட்டர்களுக்கு அந்த செல். படிக்கல் மாறினால் நிறுத்த எடை அத்தனையும் மாறும். பாதரசத்தின் தீங்கு தெரிந்த பிறகு அமெரிக்கா 1996-இல் சட்டம் போட்டு இவ்வகை செல்களின் விற்பனையை நிறுத்தியது. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, இவற்றின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐக் கெடுவாக வைத்தது. இந்தியா அந்த உடன்படிக்கையை 2018-இல் உறுதி செய்தது. தண்ணீரில் கலந்த பாதரசத்தால் ஜப்பானின் மினமாட்டா மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் இந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார். கேமராவுக்கு மாற்று தேடிக்கொள்வது நம் பொறுப்பு.

மாற்று செல் போட்டால் என்ன தவறும் என்பதைப் புரிந்துகொள்ள மீட்டரின் வேலையைத் தெரிந்துகொண்டால் போதும். இந்த மீட்டர்களில் வெளிச்சத்தை உணரும் பொருள் காட்மியம் சல்பைடு. அதன் மீது வெளிச்சம் படப்பட அதன் மின்தடை குறைகிறது. தடை குறையும்போது மின்னோட்டம் கூடுகிறது. மின்னோட்டம் கூடும் அளவுக்கு வியூஃபைண்டருக்குள் இருக்கும் முள் நகர்கிறது. இப்படிப்பட்ட எளிய சுற்றில் 1.35 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 வோல்ட் செல்லைப் போட்டால், வெளிச்சம் கூடாமலேயே மின்னோட்டம் கூடி, முள் உண்மையைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும். அதை நம்பி லென்ஸின் துளையான அப்பர்ச்சரைச் சுருக்குகிறவருக்கு நெகட்டிவ் மெலிந்து போகும். நிழல் பகுதிகளில் ஒன்றுமே பதிவாகியிருக்காது. என் ஓஎம் 1-இல் இந்த வேறுபாடு சுமார் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் இரட்டிப்பானதாகத் தோன்றும் அளவுக்கு, இருக்கிறது. ஃபிலிமின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 400 என்றால் மீட்டரில் 200 என்று வைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அது ஓரளவு பலிக்கும், ஏனென்றால் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் கொளுத்தும் வெயிலிலும் பிழையின் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே இத்தகைய பிழையைத் தாங்காத ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்த வைத்தியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கடைக்கு வருவோம். டவுன் ஹால் ரோடு பக்கத்துக் கடிகாரக் கடைகளில் எல்ஆர்44 என்ற பட்டன் செல் பத்து பத்தாக அட்டையில் தொங்கும். அதே உருவத்தில், அதே 11.6 மில்லிமீட்டர் விட்டத்தில், எஸ்ஆர்44 என்று இன்னொன்று உண்டு. கடிகாரக்காரர்கள் அதை 357 என்று அறிவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் விலை மலிவான முதல் செல்லையே பலரும் வாங்கிவிடுகிறார்கள். எல்ஆர்44 ஆல்கலைன் வகை: 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். இந்த மாதம் சரியாகக் காட்டிய மீட்டர் அடுத்த சில மாதங்களில் வேறொன்றைக் காட்டும் என்பதுதான் இதன் பெரிய குறை. எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு வகை: 1.55 வோல்ட்டில் நிலையாக நின்று, ஆயுள் முடியும்போது சட்டென்று விழும். மீட்டருக்குத் தேவை இந்த நிலைத்தன்மைதான். விலை பல மடங்கு கூடுதல் என்றாலும், ஒரு ரோல் ஃபிலிமின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல. செல்லின் முதுகில் பொறித்திருக்கும் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த பிறகே பணம் கொடுங்கள். அட்டையில் இருப்பதும் செல்லில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

1.35 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட கேமராவுக்கு மிக அருகில் வரும் செல், காது கேட்கும் கருவிக்கான 675 என்ற துத்தநாகக் காற்று செல். ஆறு செல்கள் கொண்ட வட்ட அட்டையில், ஒவ்வொன்றின் முதுகிலும் நீல நிற ஒட்டுத்தாளோடு வரும். காது கருவி விற்கும் மையங்களிலும் பெரிய மருந்துக் கடைகள் சிலவற்றிலும் இது கிடைக்கிறது. “யாருக்கு சார் மெஷின், அப்பாவுக்கா?” என்று கேட்ட கடைப் பெண்ணிடம் கேமராவைக் காட்டியபோது, அவர் அட்டையைத் திருப்பி, தயாரிப்புத் தேதி எதில் புதிதாக இருக்கிறது என்று பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேதியைப் பார்க்கத்தான் வேண்டும். பழைய சரக்கு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இந்த செல்லின் இயல்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நீலத் தாளை உரித்தவுடன் அடியில் இருக்கும் ஊசித்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் உண்டாகிறது. உரித்த உடனே மூடியைத் திருகிவிடாமல் சில நிமிடங்கள் வெளியே வைத்திருந்தால், மல்டிமீட்டரில் அளக்கும்போது மின்னழுத்தம் 1.4-ஐ எட்டி நிற்பதைப் பார்க்கலாம். 1.35-க்கும் 1.4-க்கும் உள்ள வேறுபாட்டை முள்ளில் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் தாளை உரித்த நாளிலிருந்தே, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், செல் காய ஆரம்பிக்கிறது. சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை அதன் ஆயுள். மதுரையின் பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கணக்கில் குறைந்ததை எதிர்பார்ப்பதே நல்லது. தாளைத் திரும்ப ஒட்டி வைத்தால் காய்வது சற்று மெதுவாகுமே தவிர நிற்காது. அளவும் பொருந்தாது: பிஎக்ஸ்625 அறைக்கு 675 சிறியது, அசைந்து தொடர்பு விட்டுப் போகும். குழாய்க் கடையில் கிடைக்கும் சின்ன ரப்பர் வாஷர் ஒன்றைச் சுற்றிலும் போட்டால் செல் நடுவில் நிற்கும். துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

இந்த செல்லோடு ஒலிம்பஸ் ஓஎம் 1 தரும் திருப்தியை விரிவாகவே சொல்ல வேண்டும். 1972-இல் எம்-1 என்ற பெயரில் வெளிவந்து, லைக்காவின் ஆட்சேபத்துக்குப் பிறகு ஓஎம் 1 ஆன இந்தக் கேமராவை யோஷிஹிசா மைடானி வடிவமைத்தார். ஷட்டர் முழுக்க எந்திர விசையில் இயங்குவது. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். செல் தீர்ந்துபோனாலும் படம் எடுப்பது நிற்காது என்பது வெளியூர்ப் பயணத்தில் பெரிய ஆறுதல். மேல் தட்டின் இடப்பக்கம் மீட்டரை அணைக்கவும் போடவும் தனி சுவிட்ச் இருக்கிறது. வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில், கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் முள் வந்து நிற்கும்படி ஷட்டர் வளையத்தையும் அப்பர்ச்சர் வளையத்தையும் திருப்ப வேண்டும். ஷட்டர் வளையம் லென்ஸைச் சுற்றியே இருப்பதால், கண்ணை எடுக்காமல் இடது கையாலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

திருமலை நாயக்கர் மகாலைப் போல ஒரு மீட்டரைச் சோதிக்கத் தகுந்த இடம் நம் ஊரில் வேறு இல்லை. திறந்த முற்றத்தில் நண்பகல் வெயில் நேராக இறங்குகிறது. நாலடி நடந்தால் பருத்த தூண்களுக்குப் பின்னே நிழல் அடர்ந்து கிடக்கிறது. முற்றத்தில் நின்று அளந்துவிட்டு உடனே நிழலுக்குள் வந்து பார்த்தால் ஓஎம் 1-இன் முள் தயங்கித் தயங்கி இறங்குவதைக் காணலாம். காட்மியம் சல்பைடுக்குச் சற்றுமுன் கண்ட வெளிச்சத்தின் நினைவு உடனே அகலாது. கடும் வெயிலைப் பார்த்த பிறகு நிழலுக்குப் பழகச் சில வினாடிகள் தேவைப்படும். பேட்டரி சரியில்லை என்று எண்ணி அந்த இடத்திலேயே செல்லை மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: முள் மெதுவாக வந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் செல்லில் குறையில்லை; நின்ற இடத்திலேயே நடுங்கினால் தொடர்புத் தகட்டைத் துடைக்க வேண்டும்.

அதே மகாலில் இன்னொன்றையும் பார்க்கலாம். சரியான மின்னழுத்தம் கிடைத்துவிட்டால் மட்டும் மீட்டர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. காண்கிற எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது அளக்கிறது. வெளிறிய சுதைத் தூண் படச் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் மீட்டர் சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகத் தர வேண்டும். தராவிட்டால் தூண் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அலங்காநல்லூர் வாடிவாசலில் கறுப்புக் காளை சட்டத்தை அடைத்துக்கொண்டு வரும்போது கணக்கு நேர்மாறானது. மீட்டரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால், வண்டியூர் தெப்பக்குளக் கரை போன்ற திறந்த இடத்தில், மேகமில்லாத நண்பகலில், நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வெயிலில் பிடித்து அளந்து பார்ப்பது எளிய வழி. ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 250-இல் ஒரு பங்கு என்ற இடத்துக்குப் பக்கத்தில் முள் நடுவில் நிற்க வேண்டும். ஒரு ஸ்டாப் தள்ளி நின்றால் செல்லின் வகையைச் சந்தேகப்படுங்கள்; மூன்று ஸ்டாப் தள்ளி நின்றால் மீட்டரே பழுது.

675 செல்லை அடிக்கடி மாற்றுவது தொல்லை என்று கருதுபவர்களுக்கு அடாப்டர் இருக்கிறது. எம்ஆர்-9 என்ற இந்த உலோகக் கிண்ணம் வெளிப்புறத்தில் பிஎக்ஸ்625 அளவில் இருக்கும். உள்ளே சிறிய சில்வர் ஆக்சைடு செல் உட்காரும். இடையில் இருக்கும் மின்னணு உறுப்பு 1.55 வோல்ட்டை 1.35-க்கு இறக்கிக் கொடுக்கும். வெறும் பித்தளை வளையத்தையும் அடாப்டர் என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். அது அளவை மட்டும் சரிசெய்யும், மின்னழுத்தத்தைத் தொடாது. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். நல்ல அடாப்டரின் விலை கசக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை ஒருமுறை வாங்கினால் ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால், பாதரச செல் கேமராக்கள் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர் தயங்க வேண்டியதில்லை. கேமராவுக்குள்ளேயே பேட்டரிக் கம்பியோடு மின்னழுத்தத்தைச் சற்று இறக்கும் ஷாட்கி டயோடு என்ற சிறு மின்னணு உறுப்பு ஒன்றைப் பற்றவைப்பது மலிவான மாற்று வழி. சாலிடரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் செய்துவிடுவார் என்றாலும், டயோடு இறக்கும் மின்னழுத்தம் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்து மாறக்கூடியது. ஆகவே வேலை முடிந்ததும் வெயிலிலும் நிழலிலும் அளந்து பார்த்தே வாங்கி வர வேண்டும்.

யாஷிகா மேட் 124ஜி-யும் பிஎக்ஸ்625 கேமராதான். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமராக்கள் எவ்வளவு உழைத்தன என்பது பழைய ஆல்பங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். அந்த ஸ்டூடியோக்காரர்கள் பெரும்பாலும் மீட்டரைப் பார்ப்பதில்லை; ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தே அப்பர்ச்சரைச் சொல்லும் தேர்ச்சி அவர்களுக்கு இருந்தது. அதன் விளைவு, இன்று கைமாறி வரும் 124ஜி-களில் பலவற்றின் மீட்டர் பல ஆண்டுகளாக யாரும் தொடாமல், உள்ளே மறந்துவிட்ட செல்லின் கசிவோடு வருகிறது. உயிரோடு இருக்கும் மீட்டர், மேல் மூடியைத் திறந்ததும் தானே இயங்கி, மூடியதும் அணைந்துவிடும். இந்த மீட்டர் லென்ஸ் வழியாக அளப்பதில்லை. முகப்பில் உள்ள தனி ஜன்னல் வழியே பரந்த பகுதியை அளக்கிறது. ஒத்தக்கடையிலிருந்து யானைமலையை வயலோடு சேர்த்து எடுக்கும்போது, வானம் மீட்டரை ஏமாற்றி மலையைக் கரிக்கட்டையாக்கிவிடும். கேமராவைத் தரை பக்கம் சாய்த்து அளந்து, அந்த அளவை வைத்துக்கொண்டு நிமிர்த்தி எடுத்தால் பாறையின் வரிகள் நன்றாக வருகின்றன. 80 மில்லிமீட்டர் யாஷினான் லென்ஸின் தரத்துக்காக இந்தச் சிரமத்தை நான் மகிழ்ச்சியோடு படுகிறேன். முதல் ஃபிலிம் கேமராவாக இதை வாங்குகிறவருக்கு மட்டும் நான் தயக்கமில்லாமல் வேண்டாம் என்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு பென்டாக்ஸ் கே1000 போதும். 1976 முதல் 1997 வரை தயாரான இந்தக் கேமரா, பிறக்கும்போதே எல்ஆர்44, எஸ்ஆர்44 அளவு செல்லுக்காகப் பிறந்தது. வோல்டேஜ் கணக்கு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு குறை, மீட்டரை அணைக்கும் சுவிட்ச் இதில் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால் மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். மூடாமல் ஜன்னலோரம் வைத்தால் செல் வீணாகப் போகும்.

நிக்கான் எஃப்எம்2 இந்த நான்கில் விலை கூடியது. பேட்டரி விஷயத்தில் கவலையே தராததும் அதுதான். 1982-இல் வந்த இதன் மீட்டரில் வெளிச்சத்தை உணர்வது காட்மியம் சல்பைடு அல்ல, சிலிக்கான். நாயக்கர் மகாலில் வெயிலிலிருந்து நிழலுக்குத் திரும்பியவுடன் தயக்கமின்றி அளக்கிறது. எஸ்ஆர்44 இரண்டு, அல்லது அந்த இரண்டின் இடத்தையும் ஒருசேரப் பிடிக்கும் சிஆர்1/3என் என்ற 3 வோல்ட் லித்தியம் செல் ஒன்று போதும். ஃபிலிம் சுற்றும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்தால்தான் மீட்டர் இயங்கும். உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்குகள் இருப்பதன் அருமையைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில்தான் உணர முடியும். வைகைக்குள் இன்னும் இருட்டு விலகாத நேரத்தில் ஓஎம் 1-இன் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. எஃப்எம்2-இன் விளக்கு தெளிவாக எரிகிறது. நல்ல வெயிலில் நிலைமை சற்று மாறும், விளக்கைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதன் ஷட்டரும் எந்திர விசையிலேயே இயங்குவதால் செல் இல்லாமலும் 4000-இல் ஒரு பங்கு வினாடி வரை எல்லா வேகமும் கிடைக்கும். 1976-இல் வந்த கேனன் ஏஇ-1 அப்படியல்ல. அதன் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. அதை வைத்திருப்பவர் 4எல்ஆர்44 பேட்டரி ஒன்றைப் பையில் மாற்றாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் கடிகாரக் கடைகளிலும் அது இருக்காது.

யாஷிகா எலக்ட்ரோ 35 பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1966-இல் வந்த அதன் பழைய பேட்டரி 5.6 வோல்ட், இன்றைய 6 வோல்ட் 4எல்ஆர்44-ஐ இடைவெளி நிரப்பும் ஒரு துண்டோடு போட்டால் ஃபிலிமில் படும் வெளிச்சத்தின் அளவில் (எக்ஸ்போஷரில்) குறிப்பிடத்தக்க வேறுபாடு வருவதில்லை. 1967-இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35-க்குப் பேட்டரியே கிடையாது, லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் தருகிறது. இருட்டான மூலையைப் பார்த்து அழுத்தினால் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் மறுக்க வேண்டும். வெயிலைப் பார்த்தும் கொடி எழும்பினால் செலினியம் சோர்ந்துவிட்டது என்று பொருள், அதை வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.

எந்த செல்லைத் தேர்ந்தெடுத்தாலும், மாதக்கணக்கில் கேமராவைத் தொடப் போவதில்லை என்றால் செல்லை வெளியே எடுத்து வையுங்கள். ஆல்கலைன் செல்லிலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தகட்டின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படியும். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் கேமராவை விட்டு வைத்தால் கசிவு இன்னும் விரைவாக வரும். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு அந்தப் பொருக்கின் மேல் வைத்தால் மெல்ல நுரைத்துக் கரையும். பிறகு உலர்ந்த குச்சியால் துடைத்து, பென்சில் ரப்பரால் தகடு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். அப்படியும் முள் அசையாவிட்டால், அறையிலிருந்து மீட்டருக்குப் போகும் கம்பி உள்ளுக்குள் கறுத்து அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி அந்தக் கம்பியை மாற்றுவது சாலிடரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலைதான். அந்த ஒரு கம்பிக்காக மீட்டர் செத்துவிட்டது என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருகிற ஓஎம் 1 கிடைத்தால், லென்ஸும் ஷட்டரும் நன்றாக இருக்கும் பட்சத்தில், தாராளமாக வாங்கலாம்.